கொலுப்படிக் கட்டடத்தைப் படிப்பது எப்படி?

சிங்கப்பூரிலிருந்து தென் தாய்லாந்தின் ஹாஜாய் நகருக்கு பஸ் ஏறியவர்களுக்கு பீச் ரோட்டிலிருந்த கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் நன்றாக நினைவிருக்கும். ராத்திரி எட்டு ஒன்பது மணிக்குப் பெட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டு வாசலில் நிற்போம். உள்ளே முழுக்க தாய்லாந்துக் கடைகள். உரலில் பப்பாளிக்காய் இடிக்கும் சத்தம், மீன் சாஸ் வாடை, பக்கத்துக் கடையில் தொங்கும் பூமாலை. என் சின்னம்மா மட்டும் உள்ளே வரமாட்டார். வெளியிலேயே நின்று அண்ணாந்து பார்த்து, "இது எப்ப விழப்போகுதோ" என்பார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. மேலே இருந்த பால்கனிகளை ஆளுக்கொரு விதமாக அடைத்து வைத்திருந்தார்கள். ஒருவர் தகரம், ஒருவர் கண்ணாடி, இன்னொருவர் பலகை. 2006ல் ஒரு நியமன நாடாளுமன்ற உறுப்பினர் இதைச் செங்குத்தாக நிற்கும் குடிசைப் பகுதி என்ற பொருளில் பேசியது ஊரெல்லாம் பரவியது.

அந்தக் கட்டடத்தைத்தான் 2021 அக்டோபரில் பாதுகாக்கப்படும் கட்டடமாக அறிவித்தார்கள். சின்னம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கோயிலைக் காப்பாத்துறாங்க, சரி. தேக்கா பக்கம் பழைய கடைவீடுங்களைக் காப்பாத்துறாங்க, அதுவும் சரி. இதுல என்ன இருக்கு?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டுமானால் கட்டடத்தைப் பார்க்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

கத்தியை எடுங்கள்

கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் பழைய கடைவீட்டின் அழகு அதன் முகத்தில் இருக்கிறது. பூப்போட்ட ஓடு, மரச்சட்டச் சன்னல், வளைவுகள். எதிர்ச்சாரியில் நின்று பார்த்தாலே போதும். கோபுரமும் அப்படித்தான், வெளியிலிருந்தே கதை சொல்லிவிடும். 1960களிலும் 70களிலும் எழுந்த கான்கிரீட் கட்டடங்கள் பலவற்றில் முகத்தில் தேடினால் ஒன்றும் அகப்படாது. அவற்றைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்க்க வேண்டும்.

அடுக்கடுக்காகச் செய்யும் குவே லாப்பிஸ் பலகாரத்தை முழுசாகப் பார்த்தால் ஒரு சதுரக் கட்டி, அவ்வளவுதான். கத்தியால் நறுக்கினால்தான் அடுக்கு தெரியும். கட்டடக் கலைஞர்களும் இதே வேலையைக் காகிதத்தில் செய்கிறார்கள். கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டியதுபோல வரையும் படத்துக்குக் குறுக்குவெட்டு என்று பெயர். எந்தத் தளத்தில் யார் இருக்கிறார்கள், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, காற்று எப்படி ஏறுகிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

கோல்டன் மைலை அப்படி வெட்டினால் என்ன தெரிகிறது? ஒரு கொலுப்படி. 16 மாடிகள் கொண்ட கொலுப்படி. கடல் பக்கம் பார்த்தபடி, ஒவ்வொரு மாடியும் கீழ் மாடியைவிடக் கொஞ்சம் பின்வாங்கி நிற்கிறது. அதனால் மேல்தளங்களில் இருந்த வீடுகளுக்குத் திறந்த மாடமும் தலைக்கு மேல் வானமும் கிடைத்தன, எதிரே காலாங் பக்கம் தண்ணீரும் தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு வாழ வேண்டியதில்லை.

படிக்கட்டின் முதுகுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். முன்பக்கம் பின்வாங்கிக்கொண்டே போனால், பின்பக்கம் வெளியே சாய்ந்துகொண்டே வரும். பீச் ரோட்டுப் பக்கம் மேல்தளங்கள் குடைபோலக் கவிந்திருப்பது அதனால்தான். வெயிலும் மழையும் நேராக உள்ளே இறங்காது. அந்தச் சாய்வுக்கு அடியில் பல மாடி உயரத்துக்கு ஒரு வெற்றிடம் உருவாகிறது. ஒரே சாய்வு ஒரு பக்கம் காட்சியையும் மறுபக்கம் நிழலையும் தருகிறது. இதைப் புரிந்துகொண்ட அன்றுதான் எனக்கு இந்தக் கட்டடம் பிடிக்க ஆரம்பித்தது. அதுவரை நானும் சின்னம்மா கட்சிதான்.

அப்புறம் அடுக்குகள். கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகள். இன்றைக்கு எந்தக் கூட்டுரிமை வீட்டு விளம்பரத்தைப் பார்த்தாலும் "வீடு, வேலை, கடை எல்லாம் ஒரே இடத்தில்" என்று எழுதியிருக்கிறார்கள். கோல்டன் மைல் கட்டி முடிந்தது 1973ல்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

போர் முடிந்த ஐரோப்பாவில் வீடுகளுக்குப் பஞ்சம். அலங்காரத்துக்குக் காசும் இல்லை, நேரமும் இல்லை. கட்டடம் எதற்குப் பயன்படுகிறதோ அதுவே அதன் வடிவமாக இருக்கட்டும், கான்கிரீட்டைப் பூசி மறைக்க வேண்டாம் என்று நவீனத்துவக் கட்டடக் கலைஞர்கள் சொன்னார்கள். பிரான்ஸின் மார்சேய் நகரில் லே கொர்பூசியே கட்டிய பெரிய குடியிருப்பு 1952ல் முடிந்தது. கடைகளையும் வீடுகளையும் ஒரே கட்டடத்துக்குள் அடுக்கியிருந்தார். பூச்சு இல்லாத கான்கிரீட்டைப் பிரெஞ்சுக்காரர்கள் 'பச்சையான கான்கிரீட்' என்கிற அர்த்தத்தில் 'பேத்தோன் ப்ருட்' என்பார்கள். 'புரூட்டலிசம்' என்ற பெயருக்கு அந்தச் சொல்லோடுதான் உறவு, முரட்டுத்தனத்தோடு இல்லை. பெயரைக் கேட்டதும் ஏதோ அடிதடி என்று நினைத்துவிடுகிறோம், பாவம்.

ஜப்பானில் இது இன்னும் பெரிய கனவாக வளர்ந்தது. 1959ல் அந்நாட்டுக் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்துக்காக ஒரு திட்டம் வரைந்தார். இருபக்கமும் படிப்படியாகச் சரியும் பிரம்மாண்டமான கூடாரம்போல ஒரு கட்டடம், அதற்குள் 25,000 பேர் வாழும் ஊர். அது காகிதத்தோடு நின்றுவிட்டது. அவருடைய வழியில் வந்தவர்களும் நிறையவே வரைந்தார்கள், கட்டக் கிடைத்தது கொஞ்சம்தான்.

கட்டக் கிடைத்த இடம் சிங்கப்பூர். 1965ல் மலேசியாவிலிருந்து நாடு பிரிந்த கையோடு, வில்லியம் லிம், டே கெங் சூன் போன்ற இளம் கட்டடக் கலைஞர்கள் சேர்ந்து 'ஸ்பர்' என்றொரு குழு தொடங்கி, நகரம் எப்படி வளர வேண்டும் என்று எழுதவும் வாதாடவும் ஆரம்பித்தார்கள். 1966ல் நில எடுப்புச் சட்டம் வந்தது. அரசாங்கம் துண்டு துண்டாகக் கிடந்த நிலங்களை எடுத்து, ஒன்று சேர்த்து, 1967 முதல் 99 ஆண்டுக் குத்தகைக்குத் தனியாருக்கு விற்றது. அந்த முதல் சுற்று நிலங்களில் இரண்டில்தான் கோல்டன் மைலும், சைனாடவுனில் உள்ள பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸும் எழுந்தன. லிம்மும் டேயும் கோ சியாவ் சுவானும் 1967ல் தொடங்கிய டிசைன் பார்ட்னர்ஷிப் நிறுவனம்தான் இரண்டையும் வடிவமைத்தது. கோல்டன் மைலில் அதே நிறுவனத்தின் கான் எங் ஊனுக்கும் பெரும் பங்கு உண்டு. டோக்கியோவில் வரைந்து பார்த்ததை இங்கே சிமெண்ட் குழைத்துக் கட்டிவிட்டார்கள்.

நகரத்துக்கு ஒரு கூடம்

உள்ளிருக்கும் வெற்றிடம் ஏன் முக்கியம் என்று புரிய, கோல்டன் மைலைவிட பீப்பிள்ஸ் பார்க் நல்ல வகுப்பறை. இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு பகோடா ஸ்திரீட் வழியாக நடங்கள். (அந்தத் தெருவுக்குப் 'பகோடா' என்ற பெயர் வந்ததே நம் கோயில் கோபுரத்தால்தான்.) சாலைக்கு மேலுள்ள பாலத்தைக் கடந்தால் வந்துவிடும்.

1966 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வரை அங்கே பீப்பிள்ஸ் பார்க் சந்தை இருந்தது. அன்று தீப்பிடித்து எல்லாம் போயிற்று. அதே இடத்தில் வந்த புதிய தொகுதியின் கடைப்பகுதி 1970ல் திறந்தது, மேலே வீடுகளோடு 31 மாடிகளாக 1973ல் முழுமையானது. அகலமான அடித்தளத் தொகுதியில் கடைகளும், அதன் தலையில் வீட்டு அடுக்குகளும். இந்த அமைப்பு பிறகு சிங்கப்பூரில் எங்கு பார்த்தாலும் வந்துவிட்டதால் இன்று நமக்கு அதில் புதுமை தெரிவதில்லை.

புதுமை உள்ளே இருந்தது. அதுவரை இங்கே கடைக்குப் போவதென்றால் கடைவீடுகளின் முன்னால் கூரைக்கு அடியில் ஓடும் ஐந்தடிப் பாதையில் நடப்பது, அல்லது சந்தைக்குள் நுழைவது. பீப்பிள்ஸ் பார்க்கில் பல மாடி உயரத்துக்கு நடுவே திறந்துவிட்டு, சுற்றிலும் கடைகளை வைத்து, தெருவையே கட்டடத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஃபுமிஹிகோ மாக்கி 'நகரத்தின் அறை' என்று பேசிய கருத்து இது. தமிழில் கூடம் என்றால் இன்னும் பொருந்தும் என்று நினைக்கிறேன். நமக்குத் திண்ணை தெரியும். சுவரும் கூரையும் வீட்டுக்காரருடையவை. ஆனால் வழிப்போக்கர் உட்காரலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். நகரத்தின் கூடமும் அப்படித்தான். சொத்து தனியாருடையது, புழங்குவது ஊர்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே ஒரு தூண் ஓரமாக அரை மணி நேரம் நின்றேன். ஒரு தாத்தா காப்பிப் பொட்டலத்தை விரலில் மாட்டிக்கொண்டு மின்படிக்கட்டில் ஏறினார், இரண்டாவது மாடிக் கைப்பிடியில் சாய்ந்து கீழே நடப்பதைப் பார்த்தார், கொஞ்ச நேரம் கழித்து இறங்கினார். எதுவும் வாங்கவில்லை. கீழே ஒருவர் காய் சீவும் கருவியை விற்க, கேரட்டைச் சுருள் சுருளாகச் சீவிக் குவித்துக்கொண்டிருந்தார். அதைத் தாத்தா மேலிருந்து பார்த்தார், நான் கீழிருந்து பார்த்தேன், எங்கள் இரண்டு பேரையும் மூன்றாவது மாடியில் ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரையொருவர் பார்க்கும்படி மனிதர்களை அடுக்குவது, அதுதான் அந்தக் குறுக்குவெட்டின் வேலை.

ஆர்ச்சர்ட் ரோட்டுக் கடைத்தொகுதிகளிலும் நடுவே வெற்றிடம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஒன்றும் வாங்காமல் அங்கே எங்கே உட்காருவது என்று தேடிப் பாருங்கள்.

இதில் உரிமை முறைக்கும் பங்கு உண்டு. புதிய கடைத்தொகுதிகள் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் கையில். எந்தக் கடை எங்கே என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். பழைய தொகுதிகளில் ஒவ்வொரு கடையும் வீடும் தனித்தனியாக விற்கப்பட்டது. இதை ஸ்ட்ராட்டா உரிமை என்பார்கள். நூற்றுக்கணக்கான முதலாளிகள், யாருக்கு வாடகைக்கு விடுவது என்பது அவரவர் விருப்பம். அதனால்தான் கோல்டன் மைல் யாரும் திட்டமிடாமலேயே குட்டித் தாய்லாந்து ஆயிற்று. எந்த வடிவமைப்பாளரும் வரைபடத்தில் பப்பாளி உரல் வரைந்திருக்கமாட்டார்.

அதே உரிமைதான் கட்டடத்தைத் தேயவும் விட்டது. கூரை ஒழுகினால் சேர்ந்து செலவு செய்ய வேண்டும். சிலர் இங்கேயே இருப்பவர்கள், சிலர் வாடகை மட்டும் வாங்குபவர்கள், சிலர் விற்றுவிட்டுப் போகக் காத்திருப்பவர்கள். ஒத்த முடிவு எப்படி வரும்?

விற்பதா, காப்பதா

வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் குளியலறைக் கூரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் காரத்தன்மைதான் எஃகுக் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் மெல்ல மெல்ல உள்ளே ஊறி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. பிறகு ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கும். இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும், அதனால் அது வீங்கி மேலே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். நம் ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும் சொல்லவே வேண்டாம்.

இதைச் சரிசெய்ய முடியும். உளுத்ததைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, பாதுகாப்புப் பூச்சு தடவி, புதுக் கலவை அடைக்கிறார்கள். பூச்சில்லாத கான்கிரீட்டில் மட்டும் ஒரு சங்கடம். வெள்ளை வேட்டியில் ஒட்டுப்போட்டதுபோல ஒட்டு தெரியும். மின்தூக்கி, தீயணைப்புக் குழாய், சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதை, குளிரூட்டி, எல்லாவற்றையும் இன்றைய விதிக்கு ஏற்பப் புதிதாகப் போட வேண்டும். அத்தனையையும் செய்வதைவிட இடித்துக் கட்டுவது லாபம் என்று கணக்குப் போடுவது எளிது.

குத்தகையும் அதே பக்கம் தள்ளுகிறது. 99 ஆண்டில் பாதி கரைந்துவிட்டால் மதிப்பு குறையத் தொடங்கும், வங்கிக் கடன் கிடைப்பதும் கடினமாகும். 10 ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடத்தில் 80 விழுக்காட்டுப் பங்கு வைத்திருக்கும் உரிமையாளர்கள் சம்மதித்தால் முழுக் கட்டடத்தையும் கூட்டு விற்பனைக்கு விடலாம். வாங்குபவர் வழக்கமாக இடிக்கத்தான் வாங்குவார். ஊட்ரம் பக்கம் குதிரைலாட வடிவில் 38 மாடிகளோடு நின்ற பேர்ல் பேங்க் அடுக்குமாடி, டான் செங் சியோங் வடிவமைத்து 1976ல் முடிந்தது. 2018ல் 728 மில்லியன் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) விற்கப்பட்டு, அடுத்த ஓரிரு ஆண்டில் காணாமல் போயிற்று. இன்று அங்கே வேறு கோபுரங்கள்.

கோல்டன் மைலும் 2018ல் அதே வரிசையில்தான் நின்றது. 800 மில்லியன் வெள்ளி கேட்டார்கள், வாங்க ஆள் வரவில்லை. இந்த இடத்தில் நகர மறுசீரமைப்பு ஆணையம் செய்ததுதான் கவனிக்க வேண்டியது. "இடிக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னால் உரிமையாளர்களின் சொத்து முடங்கிவிடும். அதனால் பாதுகாப்பு அறிவிப்போடு ஊக்கங்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பழைய கட்டடத்தைக் காப்பாற்றிப் புதுப்பிக்கிறவர், அதே மனையில் கூடுதல் பரப்புக்குப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். குத்தகையும் மறுபடி 99 ஆண்டாகும். பெரிய அளவிலான ஸ்ட்ராட்டா உரிமைக் கட்டடம் ஒன்று சிங்கப்பூரில் இப்படிப் பாதுகாக்கப்பட்டது அதுவே முதல் தடவை. 2022ல் பெரெனியல், சைனோ லேண்ட், ஃபார் ஈஸ்ட் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து 700 மில்லியன் வெள்ளிக்கு வாங்கின. 2023 மே மாதத்தோடு கடைக்காரர்கள் காலி செய்தார்கள்.

மறுவடிவமைப்பில் கொலுப்படி உருவம் அப்படியே இருக்கும். பால்கனிகளில் ஒட்டியிருந்த தகரமும் பலகையும் போய், படிகள் மறுபடி தெளிவாகத் தெரியும். பழைய கட்டடத்தில் கடைகளும் அலுவலகங்களும் மருத்துவ அறைகளும் வருகின்றன. வீடுகள் பக்கத்தில் எழும் புதிய 45 மாடிக் கோபுரத்துக்குப் போகின்றன, மொத்தம் 188.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. பேர்ல் பேங்க் கதிக்கு இது எவ்வளவோ மேல், அதில் சந்தேகமில்லை. கான்கிரீட்டை இடித்து மறுபடி ஊற்றும்போது வெளியாகும் கரியமில வாயுவும் மிச்சம். ஆனால் கடைக்கு மேல் அலுவலகம், அலுவலகத்துக்கு மேல் வீடு என்ற அடுக்குதானே அந்தக் குறுக்குவெட்டின் உயிர்? மாலையில் அலுவலகம் மூடிய பிறகும் மேலே விளக்கு எரியும், துணி காயும், யாராவது இறங்கி வந்து சோறு வாங்குவார்கள். வீடுகளைப் பக்கத்துக்கு நகர்த்தினால் உருவம் மிஞ்சும், அந்த அடுக்கு இருக்காது. பணக் கணக்கு வேறு வழி விடவில்லை என்று சொல்வார்கள். இருக்கலாம். இன்னொன்று உள்ளே இருக்கும் வெற்றிடம். பீச் ரோட்டிலிருந்து நுழைந்து, யாரும் தடுக்காமல், குறுக்கே நடந்து மறுபக்கம் வர முடிகிறதா என்பதைத்தான் திறந்ததும் முதலில் பார்ப்பேன்.

இதையெல்லாம் சின்னம்மாவுக்கு ஒரு ரசீதின் பின்பக்கம் படம் வரைந்து சொன்னேன். கொலுப்படி என்றதும் ஆர்வமாகக் கேட்டார். கடைகள் போயாச்சு, வீடுகள் பக்கத்துக்குப் போகுது, படி மட்டும் இருக்கும் என்றேன். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப பொம்மையெல்லாம் எடுத்துட்டு படியை மட்டும் வெச்சிருக்காங்க."

புதுப் பொம்மை வைப்பாங்க சின்னம்மா என்றேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, "ஹாஜாய் பஸ் இப்ப எங்கேருந்து கிளம்புது?" என்று கேட்டார்.